மீட்டர் போட்டால் தீர்ந்ததா? நகரத்துப் ‘பொது’ பற்றி ஒரு விவாத இழை

11 மார்ச் 2024, ஒரு வாசகரின் கேள்வி

“பெங்களூரில் தண்ணீர் இல்லை, டேங்கருக்கு அரசே விலை வரம்பு கட்டியிருக்கிறது. உடனே இங்கே எல்லோரும் ‘பொதுவளம்’, ‘ஊர்ப்பொது’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதெல்லாம் நாற்பது வீடு உள்ள கிராமத்துக்குச் சரி. பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாத நகரத்தில் பொது என்று விட்டதெல்லாம் நாறித்தான் போகும். மீட்டர் போடு, விலை வை, கட்ட முடிந்தவர் வாங்கட்டும். இதற்கு மேல் இதில் என்ன கோட்பாடு வேண்டியிருக்கிறது?”

11 மார்ச், இரவு

இது புதிய வாதம் இல்லை. 1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு மேய்ச்சல் நிலத்தை வைத்து இதையேதான் சொன்னார். ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விடுவார்கள், லாபம் அவரவருக்கு, நட்டம் எல்லோருக்கும், கடைசியில் புல்லே இருக்காது. ஆகவே ஒன்று தனியாருக்கு விடு, இல்லையென்றால் அரசு பிடித்து வைக்கட்டும். அந்த மேய்ச்சல் நிலம் எந்த ஊரில் இருந்தது என்று தேடாதீர்கள், அவர் மனசுக்குள்தான் இருந்தது. முப்பது வருடம் கழித்து, 1998-இல், ‘நிர்வகிக்கப்படாத’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டதுதான் அந்தக் கட்டுரையில் தான் செய்த பெரிய தவறு என்று அவரே எழுதினார். அதற்குள் அந்தக் கட்டுரையைக் காட்டி எவ்வளவோ நடந்து முடிந்துவிட்டது.

சென்னையைப் பாருங்கள். தி. நகர் இருக்கும் இடத்தில் மாம்பலத்து நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் வடித்து மனை போட்டார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியில். இந்த ஏரிகளை ஊரார் போட்டி போட்டுக் குடித்துத் தீர்த்துவிடவில்லை.

14 மார்ச்

‘கிராமத்துக்குச் சரி’ என்ற இடத்துக்கு வருகிறேன். பொதுவளங்களை மக்களே எப்படிக் கூடி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் பெயர் வந்தாலே ஸ்விஸ் மலைப் புல்வெளியும் பிலிப்பைன்ஸ் வாய்க்காலும்தான் பேசப்படுகின்றன. அந்த அம்மையாரின் முனைவர் பட்ட ஆய்வு, 1965, எதைப் பற்றி என்று யாரும் சொல்வதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றி. அதுவும் கடலோரம்.

அங்கே நகராட்சிகள், தண்ணீர் நிறுவனங்கள், ஆலைகள் என்று எல்லோரும் போட்டி போட்டு உறிஞ்சினார்கள். நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே போனது, உப்பு உள்ளே வந்தது. முதலில் அடிபட்டது கடலோரக் கிணறுகள். உள்ளே இருந்தவர்கள் ‘நமக்கென்ன’ என்று உறிஞ்சிக்கொண்டே இருந்தார்கள். ஹார்டின் கதை அப்படியே. ஆனால் அதற்கு அப்புறம் நடந்தது அவர் கதையில் இல்லை. உறிஞ்சுகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். யார் எவ்வளவு எடுக்கிறார் என்ற கணக்கைப் பொதுவில் வைத்தார்கள். இழுத்துக்கொண்டிருந்த வழக்கைப் பேசி முடித்து, ஆளுக்கு இவ்வளவு குறைத்துக்கொள்வது என்று நீதிமன்றத்தில் பதிந்துகொண்டார்கள். கண்காணிக்க ஆள் போட்டார்கள். கடற்கரை ஓரமாகக் குழாய்க்கிணறு போட்டு நல்ல தண்ணீரை உள்ளே செலுத்தி, உப்புக்கு அணை கட்டினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத ஊர்தான் அதுவும். மீட்டரும் இருந்தது. ஆனால் மீட்டர் என்ன காட்ட வேண்டும் என்பதை அவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் தனியாகக் கொடுத்தது சும்மா இல்லை.

மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே வந்த கதை சென்னைக்காரர்களுக்குத் தெரியும். அதற்கு நாம் எந்தச் சங்கம் வைத்தோம் என்று கேட்டால் பதில் இல்லை. 2010-இல் அதே மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்தோம்.

15 மார்ச்

திருத்தம். ‘தனியாக’ இல்லை. ஆலிவர் வில்லியம்சனோடு பகிர்ந்த பரிசு. இரண்டு பேர் உடனே சுட்டிக்காட்டினார்கள். ஆஸ்ட்ரம் சொன்ன கண்காணிப்பு இங்கே நன்றாகவே நடக்கிறது.

23 மார்ச்

சொந்தக் கதை ஒன்று. நான் இருப்பது பழைய மகாபலிபுரம் சாலையில், இருநூற்றுச் சொச்சம் வீடுகள் உள்ள அடுக்ககம். குழாயில் மாநகரத் தண்ணீர் கிடையாது. இரண்டு போர், இரண்டும் உப்பு. மீதி லாரி.

2019 ஜூன் நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன. வீட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. புக் செய்த லாரி இரண்டு நாள் கழித்து வரும், சில நாள் வராமலே போகும்.

அசோசியேஷன் கூட்டம் கூட்டினோம். ஒரே கத்தல். நான்கு பேர் சேர்ந்து எழுதிய விதிகளை மூன்றாவது கூட்டத்தில்தான் ஏற்றார்கள். அந்த நான்கு பேரில் நானும் ஒருவன். காலை இரண்டு மணி நேரம், மாலை ஒன்றரை மணி நேரம் தண்ணீர். சம்ப், அதாவது தரையடித் தொட்டியின் அளவைத் தினமும் லிஃப்ட் பக்கத்தில் எழுதிப் போடுவது. லாரி வந்தால் எந்த பிளாக்காக இருந்தாலும் ஒரு வீட்டுக்காரர் நின்று லோடைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, முறை வைத்து. விதி மீறினால் முதலில் வீட்டுக்குப் போய்ச் சொல்வது, இரண்டாவது முறை அறிவிப்புப் பலகை, மூன்றாவது முறை அபராதம். பால்கனியில் ஐநூறு லிட்டர் டேங்க் வைத்து, மேலே துணி காயப்போட்டு மறைத்த ஒருவர் பிடிபட்டார். பலகையில் பெயர் வந்த அன்றே டேங்க் போய்விட்டது. அபராதம் வரைக்கும் யாரும் போகவில்லை.

பொதுவளத்தை நிர்வகிக்க ஆஸ்ட்ரம் சொல்லும் எட்டு நெறிகளில் குறைந்தது ஆறு இதில் இருக்கும். நாங்கள் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியவந்தது. கேள்வி கேட்டவருக்கு இதுதான் என் பதில்.

24 மார்ச்

“அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தெரியாது. ஐந்து வருடமாகக் கையெழுத்துப் போடுகிறேன், கேட்டதில்லை.

7 ஏப்ரல்

நேற்று லாரியில் போனேன். டிரைவர் முதலில் யோசித்தார், அப்புறம் “ஏறுங்க சார், போர் அடிக்காம இருக்கும்” என்றார். எங்கள் வாசலிலிருந்து முக்கால் மணி நேரம். தார்ச்சாலை விட்டு, செம்மண் பாதை, ஒரு வயல்.

வயல் என்று பெயர்தான், பயிர் இல்லை. நடுவில் கிணறு, அதற்குள் போர், மேலே மோட்டார் கொட்டகை, லாரி திரும்புவதற்குச் செங்கல் கொட்டிய இடம். எனக்கு முன்னால் நான்கு லாரி நின்றன. கிணற்றுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் ஒரு வில்லனை வரைந்து வைத்திருந்தேன். வந்தவரோ முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். “நெல்லு போட்டா கடன், தண்ணி வித்தா காசு. நீங்கதானே வாங்குறீங்க?” என்றார். ஒரு லோடுக்கு அவர் கைக்கு வருவதைக் கேட்டேன். நாங்கள் கொடுப்பதில் சிறு பங்கு.

திரும்பும்போது டிரைவர் கையைக் காட்டினார். ஊராட்சிக் குழாய், பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக. குடத்துக்குப் பதில் சில இடங்களில் கல். ஆள் வர நேரமானால் கல் வைத்து இடம் பிடிப்பது. “முன்னெல்லாம் இங்க அடிபம்பிலேயே வரும். கிணத்துல மோட்டார் ஓடுற நேரத்துல இப்ப வராது.”

அந்த மோட்டார் ஓடுவது எங்கள் சம்புக்கு.

8 ஏப்ரல்

“அது அவர் நிலம், அவர் தண்ணீர், இதில் என்ன தப்பு?” என்று கேட்பவருக்கு: சட்டப்படி தப்பே இல்லை, சிக்கலே அங்கேதான். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் முதல், நிலம் யாருக்கோ, அடியில் இருக்கும் தண்ணீரும் அவருக்கே என்ற எண்ணம்தான் இங்கே ஓடுகிறது. தண்ணீருக்கு வேலி தெரியாது. நான் இங்கே இழுத்தால் பக்கத்துக் காட்டில் இறங்கும். சென்னைப் பெருநகருக்கு 1987-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. மாநிலம் முழுக்க 2003-இல் ஒன்று போட்டார்கள், அதை 2013-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆக, மீட்டர் போட்டு விலை வைத்தால் தீர்ந்தது என்று நீங்கள் சொன்ன ஊர் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் அந்தக் கிணற்றடி. கட்ட முடிந்தவர்கள் வாங்குகிறோம்.

2 மே

‘உலகமயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா’ என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தேர்தல் சத்தம் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் சாலையில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்தது 2000-இல். அப்புறம் ஆறு வழிச் சாலை, சுங்கச் சாவடி, கண்ணாடிக் கட்டடங்கள். சாலைக்கு அடியில் பதிய வேண்டிய குடிநீர்க் குழாயும் சாக்கடையும் மட்டும் பிறகு வரும் என்றார்கள். இன்னும் பல இடங்களில் வந்துகொண்டே இருக்கின்றன. ஏன் அந்த வரிசை? வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்து பார்ப்பது சாலையையும் கட்டடத்தையும். நான் இருபது வருடம் அந்தக் கண்ணாடிக்குள் வேலை செய்தவன். சர்வர் எத்தனை நிமிடம் நின்றது என்று அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒருவர் கணக்குக் கேட்பார். நிற்காமல் இருக்க ஏ.சி. ஓட வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், கழிவறைக்கும் வேண்டும். லாரி வரும். ஒரு நாளும் எந்த அறிக்கையிலும் லாரி என்ற சொல்லை நான் எழுதியதில்லை. பில் ஏறும் இடம் வேறு, கிணறு இறங்கும் இடம் வேறு.

புவியியலாளர் டேவிட் ஹார்வி இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுச் சொல்வார்: நகரமே அதில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியது, அந்த மதிப்பை வாடகையாகவும் மனை விலையாகவும் எடுத்துப்போவது சிலர். எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்ட அம்மாவால்தான் ராத்திரி பதினொரு மணிக்கும் அந்தத் தெருவில் பெண்கள் பயமில்லாமல் நடந்தார்கள். ‘பாதுகாப்பான சூழல்’ என்று வாடகை விளம்பரத்தில் போட்டார்கள். வாடகை ஏறியது, கடை போய்விட்டது. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச் சட்டமே வந்தது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் அவர்களே இருக்க வேண்டும் என்கிறது. அந்த அம்மாவிடம் சொன்னேன். “குழு எங்க உக்காருது, நாமளும் போவோம்” என்றார். எனக்குத் தெரியவில்லை.

ஒரு தற்செயல்: ஹார்டின் புல்லைப் பற்றி எழுதிய அதே 1968-இல்தான் பாரிஸில் ஆன்ரி லெஃபெவ்ர் என்ற தத்துவ அறிஞர் ‘நகரத்துக்கான உரிமை’ என்பதை எழுதினார். நகரத்தில் வாழ்கிறவனுக்கே அதை உருவாக்கும் உரிமை என்று. இரண்டில் எது நம் அதிகாரிகள் காதில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

19 மே

ஏரி குளங்களை ஊராரே கூடிப் பராமரித்த குடிமராமத்து பற்றிய பொற்காலப் படங்கள் இங்கே நிறைய வந்துவிட்டன. கொஞ்சம் நிறுத்துவோம்.

1858-இல் மதராஸில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். ஏரிக் கரை உடைந்தால் ஊரார் கூலியில்லாமல் வந்து வேலை செய்தாக வேண்டும். குடிமராமத்து என்ற அழகான சொல்லுக்குள் அதுவும் இருக்கிறது. மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி பல ஊர்களில் தலித். தண்ணீர் அவர் கையில், நிலம் வேறு யாரோ கையில். பழவேற்காட்டு ஏரியில் மீனவர்களுக்குப் ‘பாடு’ என்று ஒன்று உண்டு, எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்ற சுழற்சி. ஆய்வாளர்கள் மெச்சி எழுதியிருக்கிறார்கள். நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சுழற்சிக்குள் வரச் சில ஊர்களின், குறிப்பிட்ட சாதியின் ஆணாக இருக்க வேண்டும். மற்றவர்கள் உள்ளே வரக் கேட்டபோது சண்டை வந்தது.

‘முறை’ என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். என் முறை என்றால் என் தவணை. முறைமாமன் என்றால் உறவு. முறையா என்றால் நியாயமா. மூன்றும் ஒரே சொல்லில் இருப்பதை முதலில் பெருமையாகத்தான் எழுத நினைத்தேன். எழுதும்போது பயமாக இருக்கிறது. உறவுக்குள் இருப்பவனுக்குத்தான் தவணை, தவணை உள்ளவனுக்குத்தான் நியாயம் என்றும் படிக்கலாமே. என் தாத்தா ஊர்க் கிணற்றில் இறைக்க முறை இருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு முறை இல்லை, கிணறே வேறு.

இந்த நாட்டில் பொதுவுக்காக நடந்த பெரிய போராட்டம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் 1927 மார்ச் 20, மகாராஷ்டிரத்தின் மகாட் குளத்தைக் காட்டுவேன். பொதுக் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாக 1924-இலேயே நகராட்சி தீர்மானம் போட்டாயிற்று. ஆனாலும் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தலித்துகளோடு நடந்துபோய் ஒரு கை தண்ணீர் அள்ள வேண்டியிருந்தது. குளத்தை யாரும் தனியாருக்கு விற்றிருக்கவில்லை. அது பொதுவாகத்தான் இருந்தது.

20 மே

ஒரே ஒரு வரிக் கேள்வி வந்திருக்கிறது: “உங்கள் 2019 விதிகளில் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு என்ன எழுதியிருந்தீர்கள்?”

நேற்று மகாட் பற்றி எழுதிய கையோடு பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். ஏழாவது விதி: ‘பணியாளர்கள், காவலர்கள் வளாகத்திலிருந்து தண்ணீர் எடுத்துச் செல்லக் கூடாது. வெளியேறும்போது பைகள் பரிசோதிக்கப்படும்.’

அந்த வாக்கியத்தை எழுதியது நான். ‘பரிசோதிக்கப்படும்’ என்று செயப்பாட்டு வினை போட்டதுகூட நினைவிருக்கிறது, மரியாதையாக இருக்கட்டும் என்று.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர் கண்ணகி நகரில் இருக்கிறார். முன்பு நகரத்துக்குள் கூவம் ஓரமாக இருந்த குடும்பம். ஆற்றங்கரை புறம்போக்கு என்று சொல்லி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதே புறம்போக்கு வகையில் சேர்ந்த எத்தனையோ சதுப்பும் ஓடையும் இந்தச் சாலையில் கட்டடங்களாக நிற்கின்றன. அவற்றை யாரும் அந்தப் பெயரால் திட்டுவதில்லை. 2019-இல் அவர் எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவிவிட்டுப் போய், அங்கே ராத்திரி குழாயடியில் குடத்தோடு நின்றார்.

மார்ச் 23 குறிப்பை அழிக்கலாம் என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும்.

18 ஆகஸ்ட்

மெரினா லூப் சாலையில் மீன் அங்காடி திறந்துவிட்டார்கள், இனிப் பிரச்சினை முடிந்தது என்கிறார் ஒருவர். கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருடம் ஏப்ரலில் நொச்சிக்குப்பத்து மீனவர்கள் மீனைச் சாலையில் கொட்டி மறித்தது கட்டடம் வேண்டும் என்று இல்லை. படகும் வலையும் கிடந்த எங்கள் மணலில் சாலையைப் போட்டுவிட்டு, எங்களையே ஆக்கிரமிப்பாளர் என்கிறீர்களே என்றுதான். 

வஞ்சிரம் விலை குறையவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் மழை. தண்ணீர் பற்றிப் புலம்பியவன் கீழ்த்தளத்தில் முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறேன். சம்புக்குள் மழைத் தண்ணீரும் சாக்கடையும் கலந்துவிட்டன. ஆகவே இன்றைக்கும் லாரி.

மோட்டார் வைத்து வெளியே இறைக்கலாம் என்றார்கள். எங்கே? பின்பக்கத் தெருவுக்கு. அங்கே ஓட்டு வீடுகள். 2022-இல் உலகின் முக்கியச் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு, இந்தப் பகுதி மழை முழுவதும் போய்ச் சேர வேண்டிய இடம். போகும் வழியில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு இறைக்க வேண்டாம் என்று முடிவானது. என்னுடைய பேச்சால் என்று எழுத ஆசைதான். மோட்டார் பழுது.

12 ஜனவரி 2025

பொங்கலுக்கு அப்புறம் அசோசியேஷன் பொதுக்குழு. ஏழாவது விதி இன்னும் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதை நீக்கத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருந்தேன். நிகழ்ச்சி நிரலில் தெருநாய், பார்க்கிங்குக்கு அப்புறம் ஆறாவதாகப் போட்டார்கள்.

இன்று காலை வேலைக்கு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் முகம் மாறிவிட்டது.

“அய்யோ, அதை ஏன் சார் கிளப்புறீங்க? நாங்க அப்பலேர்ந்தே புடிச்சிட்டுதான் இருக்கோம். மோட்டார் ரூமுக்குப் பின்னாடி குழாய் இருக்குல்ல, வாட்ச்மேன் அண்ணன் அதுல விடுவாரு. ஆளுக்கு ரெண்டு கேன். திங்கக்கிழமை ஏ பிளாக்குக்கு வர்றவங்க, செவ்வாய்க்கிழமை நாங்க. கைக்குழந்தை இருக்கிறவங்க எப்ப வேணா புடிச்சுக்கலாம். ஒருத்தி மூணு கேன் புடிச்சா, அடுத்த வாரம் அவளுக்கு இல்ல. நீங்க மீட்டிங்ல பேசினா எல்லாரும் போய் அந்தக் குழாயைப் பாப்பாங்க.”

ஐந்தரை வருடம். தினமும் நான் அந்தப் பக்கம்தான் நடைப்பயிற்சி போகிறேன்.

13 ஜனவரி

தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணம் கேட்டார்கள், எழுத்துப்பிழை என்று சொல்லிவிட்டேன். எந்த அடுக்ககம் என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம்.